மாற்றிக் கொடுத்த தோட்டா

நடுச்சுவருக்காக அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பியில் மூத்தவன், தோட்டா ஒன்றை என் துப்பாக்கிக் கடை மேசையில் வைத்தான். அடிப்பக்கத்தில் துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம் இருந்தது, ஆனால் வெடிக்கவில்லை.

"என்ன மாமா சரக்கு இது? தம்பிக்கும் இதே பெட்டியிலதான குடுத்தீங்க. அவனோடது வெடிச்சுதே!"

அவன் சட்டை நெஞ்சில் சல்லடையாகி, காய்ந்து விறைத்திருந்தது. நான் சரக்கை மட்டும்தான் பார்த்தேன்.

"எங்க வச்சிருந்தே?"

"குளிக்கிற ரூம் பரண்ல."

"அங்க வச்சா அது குளிக்கும், வெடிக்குமா? காத்துப் புகாத டப்பாவுல போட்டு, ஈரம் உறிஞ்சுற பொட்டலம் ஒண்ணும் வையி."

கடை மானம் போகக்கூடாதென்று புதியது மாற்றிக் கொடுத்தேன். போய்விட்டான். மேசையில் ஒட்டிய ஈரமண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தம்பி வந்து, நாலு தோட்டாவை நீட்டினான்.

"திருப்பி எடுத்துக்குங்க மாமா. நேத்து அண்ணனை நெஞ்சுலயே சுட்டுட்டேன். விடியறதுக்குள்ள கொல்லையில பொதச்சாச்சு. இனி இது எனக்கு எதுக்கு?"

துணியை மடித்து வைத்துவிட்டு, நாலையும் அவன் பக்கமே தள்ளினேன்.

"நீயே வச்சுக்க மாப்ளே. ஈரம் படாம வச்சுக்க."