விழுந்தால் வெளியே

"எங்கப்பா போய் அரை மணி நேரம்கூட ஆகலை. இந்தம்மா உட்கார்ந்து வீடியோ கேம் ஆடிக்கிட்டு இருக்கு!"

இறந்தவரின் மகன் போட்ட சத்தத்தில் வார்டில் பாதிப் பேர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அப்பா கிடந்த கட்டிலில் ஷீட்டை உருவிக்கொண்டிருக்கிறார்கள். நாலடி தள்ளிப் போர்வை அலமாரி ஓரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, உள்ளங்கையளவு கேமை டொக் டொக்கென்று அமுக்கிக்கொண்டிருக்கிறாள் நர்ஸ். யாருக்குத்தான் வயிறு எரியாது?

நர்ஸ் நிமிரக்கூட இல்லை.

"ரெண்டே நிமிஷம் சார். பேட்டரி சிவப்பாயிடுச்சு."

மனிதருக்கு வந்ததே கோபம்!

"எங்கேம்மா உங்க மேலதிகாரி? கூப்பிடு முதல்ல!"

ஹெட் சிஸ்டர் ஓடி வந்தார். கையோடு ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"புகார் எழுதிக் குடுங்க சார். நான் பார்த்துக்கறேன். ஏற்கெனவே ரெண்டு மெமோ வாங்கினவ. இது மூணாவது. வீட்டுக்கு அனுப்பிடலாம்."

நர்ஸுக்கு அது காதில் விழுந்தது. விரல் மட்டும் பொத்தானை விடவில்லை. அவளை மாற்றிவிட வேண்டிய நர்ஸ் வராததால் தொடர்ந்து இரண்டாவது ஷிஃப்ட். கண் இரண்டும் சொருகிக்கொண்டு வந்தன.

மகன் தாளைச் சுவரில் வைத்து எழுத ஆரம்பித்தார். லிஃப்ட் மெக்கானிக் அவர். அப்பா இங்கே கிடந்த மூன்று வாரத்தில் மூன்று தடவைதான் வர முடிந்தது. வந்தபோதெல்லாம் எங்கேயாவது யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டு போன் வந்துவிடும். இன்றைக்கும் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாதிக் கோபம் அதனால்தான்.

நர்ஸ் கடைசியாக ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு எழுந்தாள்.

"அப்பாடா, சேவ் ஆயிடுச்சு. இந்தாங்க சார். இது உங்கப்பாவோடது."

"எங்கப்பாவோடதா? அவருக்கு செல்போனை எடுத்துப் பேசவே வராதும்மா!"

"பக்கத்து பெட்ல கால் உடைஞ்சு கிடந்த கூரியர்காரர், வீட்டுக்குப் போறப்ப குடுத்துட்டுப் போனார். ஆடவும் அவரே கத்துக்குடுத்தார். அன்னியிலேர்ந்து உங்கப்பா இதைக் கீழே வைக்கலை. காலையில மூச்சு வாங்கினப்போ ஒரு சண்டை பாதியில நின்னுச்சு. 'சிஸ்டர், நீங்க முடிச்சு சேவ் பண்ணிடுங்க'ன்னார். சண்டைக்கு நடுவுல சேவ் ஆகாது சார். சார்ஜரும் வேலை செய்யலை. அணைஞ்சிருந்தா ரெண்டு நாள் ஆட்டம் போயிருக்கும். எனக்கு இப்பதான் கை ஒழிஞ்சுது."

பேனா நின்றது.

"சண்டையா? என்ன சண்டை?"

"காடு மேடெல்லாம் நடந்து விதவிதமா பூதக்குட்டிங்களைப் பிடிக்கணும். வளர்த்து சண்டைக்கு விடணும். ஒரு குட்டி மயங்கி விழுந்தா, மருந்து குடுத்து எழுப்பிக்கலாம். ஆட்டத்துல அதுக்கு வழி இருக்கு. உங்கப்பாதான் கூடாதுன்னு தனக்குத் தானே ரூல் போட்டுக்கிட்டார். ஒரு இடத்துல முதல்ல எது எதிர்ப்படுதோ அதைத்தான் பிடிக்கணும். பிடிச்சா பேர் வைக்கணும். ஒரு தடவை விழுந்துடுச்சுன்னா அவ்வளவுதான், காட்டுக்கே திருப்பி அனுப்பிடணும். அப்படிப் பதினோரு குட்டியை அனுப்பினார். பாவம், எழுப்பிக்கக் கூடாதான்னு கேட்டா, 'விழுந்தவனுக்கெல்லாம் இடம் குடுத்தா ஆட்டத்துக்கு என்ன மரியாதை'ம்பார்."

மகன் கசப்பாகச் சிரித்தார்.

"அதான் எங்கப்பா. சந்தேகமே இல்லை. பாலிடெக்னிக்ல ஃபெயிலாகி வந்து நின்னேன் சிஸ்டர். 'இனிமே உனக்கு இங்கே என்ன வேலை'ன்னார். பத்தொன்பது வயசு எனக்கு. அன்னிக்குப் பெட்டியைத் தூக்கினவன்தான், அம்மா சாவுக்குத்தான் திரும்ப வீட்டுப் படி ஏறினேன். வீட்டை விட்டு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. இங்கே வந்து பக்கத்துல உட்கார்ந்தாக்கூட, 'சாப்பிட்டியா', 'ம்'. அதுக்கு மேல பேச்சு கிடையாது."

அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"மன்னிச்சிட்டேன்டான்னு ஒரு வார்த்தை. அதுக்காகத்தான் இன்னிக்கு வேலையைப் போட்டுட்டு ஓடி வந்தேன். சொல்லாமலே போயிட்டாரே மனுஷன்!"

ஹெட் சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எழுதிட்டீங்களா சார்? டாக்டர் ரவுண்ட்ஸ் வர்ற நேரம்."

மகன் கவனிக்கவில்லை. கையில் வாங்கிய கேமின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு குட்டிகள் வரிசையாக நின்றன. கீழே பேர்கள். கூரியர், டாக்டரம்மா, ஊசி, கஞ்சி, வாட்ச்மேன் என்று ஆஸ்பத்திரியில் கண்ணில் பட்டதையெல்லாம் பேராக வைத்திருந்தார் கிழவர்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இருப்பதிலேயே நோஞ்சானாக ஒரு குட்டி. பேர், வாண்டு.

நாற்பத்து நாலு வயது மெக்கானிக்கை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். கூப்பிட்டுத்தான் இருபத்தைந்து வருஷமாகிறது.

"சிஸ்டர்... இந்தக் குட்டி... இது ஒரு தடவைகூட விழலையா?"

"அதுவா? அது தினம் விழும் சார். விழுந்ததும் அக்கம்பக்கம் பார்ப்பார். 'சிஸ்டர், நீங்க எதையும் பார்க்கலை'ம்பார். அப்புறம் போர்வையை இழுத்து மூடிக்கிட்டு, உள்ளே வெச்சு எழுப்பி விட்டுடுவார்."