மெயின் அண்ணன் வரட்டும்

"இதோ கிளம்பிட்டேன் மேடம். ரெண்டே நிமிஷம், நான் வந்து..."

பாதிப் பேச்சில் போன் கட்டாகிவிட்டது. ஆராய்ச்சிக்காரி மறுபடி அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று பதில் வந்தது.

"யாருக்காகக் காத்திருக்கோம்?" என்றார் நிதி உதவிக் குழுவின் தலைவர்.

"மெயின் அண்ணனுக்கு சார். அதாவது, எங்க எலெக்ட்ரீஷியன். மெயின் ஸ்விட்ச் பெட்டிச் சாவி அவர் இடுப்புலதான் இருக்கு. வேற யாரும் அதைத் தொடக் கூடாதுன்னு பல்கலைக்கழகத்துல உத்தரவு."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். மின்துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். மாணவர்கள் அவருக்கு 'ஃபியூஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சட்டென்று போய்விடுவாராம்.

விஷயம் இதுதான். கழித்துப் போட்ட வண்டி பேட்டரிகளைச் சேர்த்து அவள் ஒரு மின்சேமிப்புப் பெட்டி செய்திருந்தாள். மெயினை அணைத்ததும் பெட்டி இந்தக் கூடத்தைத் தாங்க வேண்டும். தாங்கினால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு நிதி உதவி. இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இதுவரைக்கும் வந்ததே எரிசக்தி ஆய்வு நிலையத்தின் புண்ணியம். "பழைய பேட்டரியா?" என்று மற்றவர்கள் முகம் சுளித்தபோது, பின்கட்டு அறையையும் முதல் வருஷப் பணத்தையும் இரண்டு மாணவர்களையும் கொடுத்தவர் அதன் இயக்குநர். ஒரே நிபந்தனைதான் போட்டார். மாதம் ஒரு சனிக்கிழமை கதவைத் திறந்து, பக்கத்துத் தெருக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். "அவங்களுக்குப் புரியலேன்னா உனக்கே புரியலேன்னு அர்த்தம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டம் முழுவதும் இன்றைக்கு வந்திருந்தது. சலவைக் கடைக்காரர், மருந்துக் கடை அக்கா, முன் வரிசையில் அவளுடைய சொந்த அண்ணி. அண்ணி தையல் கடை வைத்திருப்பவள். மோட்டார் மிஷினையே தூக்கிக்கொண்டு வந்து, வந்த நிமிஷத்திலிருந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இங்கயுமா?"

"நாளைக்குப் பன்னெண்டு சட்டை குடுக்கணும். உன் எலெக்ட்ரீஷியன் வர்ற வரைக்கும் நான் பல்லைக் குத்திட்டு உக்காந்திருக்கவா?"

பெட்டிக்கு நீலத் துணியில் உறை தைத்துக் கொடுத்ததும் அண்ணிதான். மெயினில் ஓடும்போது பெட்டியில் பச்சை விளக்கு எரியும். பேட்டரிக்கு மாறினால் சிவப்பு. அந்தச் சமயம் பார்த்து இயக்குநர் உறையை விலக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

பதினைந்து நிமிஷம் போனது. மாணவன் ஒருவன் மின்கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து எல்லோருக்கும் காபி கலந்தான். ஃபியூஸ் ஒரு வாய் குடித்தார்.

"காபி நல்லா இருக்கு. மிஷின்தான் எப்படின்னு தெரியல. ஏம்மா, மாறும்போது விளக்கு கண் சிமிட்டுமே, அது எவ்வளவு நேரம்?"

"சிமிட்டாது சார்."

"சிமிட்டாதா! எத்தனை மிஷின் பாத்திருக்கேன். துளி சிமிட்டினாலும் என் கண்ணுக்குத் தப்பாது."

"சிமிட்டக் கூடாது சார்" என்று அண்ணி குறுக்கே புகுந்தாள். "கரண்ட் போய் வர்ற அந்த ஒரு நொடியிலதான் என் மிஷின் வெட்டி இழுத்து நூல் அறுந்துபோகுது. இதுக்கு என்னடி வழின்னு ஒரு சனிக்கிழமை கேட்டேன். பாவம், எட்டு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டா."

எட்டு மாதமும் வீண் போகவில்லை என்று ஆராய்ச்சிக்காரிக்குத் தெரியும். ஆனால் காட்டினால்தானே!

அரைமணி ஆனது. ஜன்னல் வழியே பார்த்தாள். எதிர்க் கட்டடத்து அலுவலகக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, கோப்புகளால் விசிறிக்கொண்டு, இந்தக் கூடத்தையே கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் விஷயம் பரவிவிட்டதா? மானம் கப்பலேறியது போல் இருந்தது அவளுக்கு.

"கவலைப்படாதே" என்றார் இயக்குநர் மெதுவாக. "நான் இன்னொரு நாள் கேட்டுப் பாக்கறேன்."

"இன்னொரு நாள் கிடையாது." ஃபியூஸ் இரண்டாவது காபியைக் கீழே வைத்தார். "ஒரு ஸ்விட்சை அணைக்க ஆள் பிடிக்கத் தெரியல, இவங்க ஊருக்கு மின்சாரம் குடுக்கப் போறாங்களா? நான் கண்ணால பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன்."

அண்ணி கோபத்தில் பெடலை ஓங்கி மிதித்தாள். மிஷின் படபடவென்று ஓடியது. ஆராய்ச்சிக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷம், ஒரு சாவிக்குக் காத்திருந்து போகிறதே!

ஃபியூஸ் வாசல் வரை போய்விட்டார். அப்போது மெயின் அண்ணன் சட்டையெல்லாம் நனைந்து, மூச்சு வாங்க அவர் மேலேயே வந்து மோதினார்.

"எங்கண்ணே போனீங்க?" ஆராய்ச்சிக்காரி ஓடி வந்தாள். "மெயினை அணைக்கணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"மன்னிச்சுக்கோங்க மேடம், எதிர் ஆபீஸ் லிஃப்டுல மாட்டிக்கிட்டேன். இப்பத்தான் கதவை நெம்பி வெளிய எடுத்தாங்க." அவர் நெற்றியை வழித்துவிட்டு மேலே பார்த்தார். "முக்கால் மணி நேரமா இந்த ஏரியா பூராவும் கரண்ட் இல்லையே, உங்க ஃபேன் மட்டும் எப்படி மேடம் சுத்துது?"

ஃபியூஸ் திரும்பி வந்து, யாரையும் கேட்காமல் நீல உறையைத் தன் கையாலேயே விலக்கினார். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.