தாயுள்ளம் கொண்ட சமையல்காரி தேவை

“‘தாயுள்ளம் கொண்ட சமையல்காரி தேவை’ன்னு அடிம்மா. ஒரு எழுத்துகூட மாறக் கூடாது!” குழந்தைகள் காப்பகத்தின் நிர்வாகி மேசையைத் தட்டினார்.

“‘சமைப்பவர் தேவை’ன்னு போடலாமே சார்? ஆம்பளைங்களும் வரட்டும்” என்றாள் டைப்பிஸ்ட். வாசலில் தொங்கும் ‘அம்மாக்கள் கவனத்திற்கு’ பலகையைப் ‘பெற்றோர் கவனத்திற்கு’ என்று மாற்றச் சொல்லி ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான். ஆனாலும் அடங்குகிற ஜென்மமா அது?

“ஆம்பளை சமைச்சா பிள்ளைங்க வாயில வைக்குமா? எங்கம்மா கைப்பக்குவம் தெரியுமா உனக்கு? சமையலறைக் கதவைச் சாத்திக்குவாங்க. அப்பா உள்ள உக்காந்து பேப்பர் படிச்சுக் காட்டுவார், அம்மா பாட்டுக்கு சமைப்பாங்க. அடடா, அந்த ருசி!” நிர்வாகிக்குப் பேசும்போதே நாக்கில் நீர் ஊறிவிட்டது.

“அப்ப பந்தயம் சார். ‘சமைப்பவர்’னே போடுவோம். யார் சமைச்சதுன்னு பார்க்காம ருசி பாருங்க. ஆம்பளை ஜெயிச்சா எல்லாப் பலகையும் மாத்தணும்.”

“பொம்பளை ஜெயிச்சா, நான் சொல்றதை வாயைத் திறக்காம அடிக்கணும். ஆயுசுக்கும்!”

டைப்பிஸ்ட் தலையாட்டிவிட்டாள். சமைத்துக் காட்ட வந்த கூட்டத்தில் தலை நரைத்த ஒருவர் மட்டும்தான் ஆண் என்று தெரிந்ததும், ஏன்தான் பந்தயம் கட்டினோமோ என்று நொந்துகொண்டாள்.

சமையலறைக் கதவைச் சாத்தியாயிற்று. ஜன்னல் வழியாகத் தட்டுகள் வந்தன. முதல் தட்டுக்கு நிர்வாகி முகம் சுளித்தார். அடுத்ததற்கு உச்சுக் கொட்டினார். கடைசித் தட்டில் ஒரு வாய் வைத்தவர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

“இது எங்கம்மா கையேதான்! வேலை இவங்களுக்குத்தான்! நீ தோத்தேம்மா, தோத்தே!” மனுஷன் கைதட்டிக் குதித்தார். டைப்பிஸ்டுக்கு, பாவம், அழுகையே வந்துவிட்டது.

“யாரு தாயே அது? வெளிய வாங்க, கும்பிட்டுக்கறேன்!”

கதவு திறந்தது. தோளில் துண்டோடு அந்த நரைத்த தலைக்காரர் வந்து நின்றார்.

“அப்பா! நீங்க எங்க இங்க?” நிர்வாகி அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். “அம்மா எங்கப்பா?”

“உங்கம்மாவுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதுடா!”