ஆறாம் நம்பர் எங்கே?

ஃப்ளோராவின் கண்களில் காலையிலிருந்தே நீர் வழிந்துகொண்டிருந்தது. பாழாய்ப்போன ஜலதோஷம். காதும் அடைப்பு, மூக்கும் அடைப்பு. தைலத்தின் நெடிகூடத் தெரியவில்லை.

ராயபுரம் ஐஸ் ஃபேக்டரியின் மாடியறையில், புது டெலிபோன் போர்டின் முன் அவள் மட்டும் இருந்தாள். கைப்பிடி சுற்றும் பழைய போன்களுக்கும் இந்தப் போர்டுக்கும் ஒத்துப்போகவில்லை. எந்தப் போனைச் சுற்றினாலும், சம்பந்தமில்லாத ஏதோ ஒரு நம்பரில் விளக்கு எரிந்தது.

மெக்கானிக் லியோனார்ட் ஒவ்வோர் அறையாகப் போய், சுற்றிப் பார்த்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ஆறாம் விளக்கு எரிந்தது. ஹெட்போனில் லியோனார்டின் பயங்கர இருமல்.

"ஃப்ளோரா... அமோனியா கேஸு பைப்பு புட்டுகிச்சு... கதவு தொறக்க மாட்டேங்குது..."

"எந்த ரூம்ல கீறீங்கண்ணே?"

ஏதோ தொப்பென்று விழும் சத்தம்.

ஏற்கெனவே சரிசெய்திருந்த கேட் போனில் ஃபோர்மேன் ராசையாவை அழைத்து அலறினாள். ஆறு என்றால் பழைய கணக்கில் ஐஸ் கிடங்கு. ஆட்கள் ஓடினார்கள்.

"இங்க ஒருத்தரும் இல்லம்மா!" கேட் போனுக்குத் திரும்பி வந்து ராசையா கத்தினார். "இத்தினி ரூமு கீது, எதுன்னு போய்த் தேடுறது? அதுக்குள்ள ஆளு பூடுவாரு!"

ஃப்ளோராவுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"எல்லா மிஷினையும் நிறுத்தச் சொல்லுங்கண்ணே! ஆறாம் நம்பருக்கு வுடாம பெல் அடிக்கிறேன். எங்க கேக்குதோ அங்க ஓடுங்க!"

மெஷின்கள் ஓய்ந்தன. ஹெட்போனைக் கழற்றாமல், போர்டிலிருந்த பெல் விசையை அழுத்திப் பிடித்தாள். மாதாவை வேண்டிய உதடுகள் உலர்ந்தன. கண்ணீர் தாரையாகக் கொட்டியது. பயத்தில் நெஞ்சை அடைத்தது. ஆனாலும் விசையை விடவில்லை.

கீழே எங்கோ கதவு உடைபடும் அதிர்வு. சற்றுப் பொறுத்து கேட் போனில் ராசையா.

"கெடைச்சிட்டாரும்மா! மூச்சு கீது! நீ மொதல்ல—"

"மாதாவே!" ஃப்ளோரா சிரித்தாள், இருமினாள். எழப் பார்த்தால் தலை சுற்றியது. "அழுது அழுது என் கண்ணே எரியுதுண்ணே. எங்க கெடந்தாரு?"

"உன் காலுக்குக் கீழ! எறங்கி ஓடியாம்மா!"