ஊசி போட்ட இடம்

இந்தப் பூமியில் ஓரவஞ்சனையே இல்லாத ஒரே உயிரினம் ஆராய்ச்சியாளன்தான் என்பது டாக்டர் நெல்லையப்பனின் முடிந்த முடிவு. சூரியனுக்குக்கூடக் கிழக்கின் மேல் தனிப் பாசம் உண்டு. அவருக்கு எந்தக் கூண்டின் மேலும் கிடையாது. ரத்தக்கசிவுக் காய்ச்சல் கிருமி ஏற்றப்பட்ட வெள்ளெலிகளில் பாதிக்குப் புது மருந்து; ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மீதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர் வரிசையில் எதுவும் பிழைக்காது. தினமும் ஊசி போட்டதும், உடன் பணிபுரியும் ஜெபசீலி இரண்டு வரிசைக்கும் பொதுவாக, ஒவ்வோர் எலியின் முதுகையும் கையுறை விரலால் தேய்த்துவிடுவார்.

“என்ன மேடம், தடுப்பூசி முகாமா நடத்துறீங்க? அடுத்து மிட்டாயா?”

“வலிக்கும்ல சார்.”

“வலிச்சா அதுவே தேய்ச்சுக்கும். நாலு கை இருக்குல்ல?”

இன்று ஜெபசீலி விடுப்பு. காற்றடைத்த கவச உடைக்குள் நின்றபடி நெல்லையப்பன் ஒருவரே எல்லாவற்றுக்கும் ஊசி போட்டார். கடைசிக் கூண்டு உப்புத் தண்ணீர் வரிசையில் இருந்தது. கண்ணோரம் ரத்தம் கட்டியிருந்த அந்த எலி, ஊசியை எடுத்த பிறகும் மூலைக்கு ஓடவில்லை. அவருக்கு முதுகைக் காட்டியபடி நின்றது.

“போயேன்” என்றார். நின்றது.

திரும்பிப் பார்த்தார். மற்ற கூண்டுகளிலும் எல்லா எலிகளும் அப்படியே முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தன.

ஆய்வகத்தின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே யாரும் இல்லை. விரலை நீட்டி மெல்லத் தேய்த்தார். எலி கண்ணை மூடிக்கொண்டது.

ஓரவஞ்சனை கூடாதல்லவா? நடந்துபோய் முதல் கூண்டைத் திறந்தார்.