பெரியப்பாவின் பதில்

ஆறு கம்ப்யூட்டர்களில் சோதனை ஓடியது. ஏழு பதில்கள் வந்தன.

ஆறு பச்சை, எல்லாம் சரி. ஏழாவது சிவப்பு, தவறு!

சோதனைக்கு வந்தது, டேட்டாபேஸில் கேட்டதைத் தேடித் தரும் மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அன்றைய புதிய பதிப்புக்காக ஒரு ரத்த வங்கி காத்திருந்தது.

சிவப்பின் அடியில், அனுப்பிய கம்ப்யூட்டரின் செல்லப் பெயர் இருந்தது: பெரியப்பா.

"சார், பெரியப்பாவைத்தான் போன வருஷமே பழைய இரும்புக்குப் போட்டாச்சே?" என்றாள் சோதனை செய்பவள்.

"போட்டதே நான்தான். ஏதோ பழைய பதிலா இருக்கும், விடும்மா. வெளியிட்டுடலாம்," என்றார் குழுத் தலைவர்.

"இன்னிக்குக் காலைல நான் எழுதின டெஸ்ட்ல தப்புன்னு சொல்றார் சார். அவர் லேட்டாத்தான் வாயைத் திறப்பார். ஆனா பொய் சொன்னதே இல்ல. கொஞ்சம் டைம் குடுங்க."

அரைமனதாகத் தலையாட்டினார்.

மதியத்துக்குள் பிழை சிக்கியது. இருவர் ஒரே நொடியில் கேட்டால், ஒருவரின் ரத்தப் பிரிவு விவரம் மற்றவருக்குப் போனது!

திருத்தினாள். மீண்டும் ஓட்டினாள். ஆறு பச்சை. பிறகு, சாவகாசமாக, ஏழாவது பச்சை.

தலைவர் மூலை மேஜைக்கு நடந்தார். பெரியப்பா இருந்த இடத்தில் குவிந்திருந்த காலி அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்.

"என்ன சார் பண்றீங்க?"

"பெரியவர் உக்கார இடம் வேணாமா?"

தூசியைத் துடைக்கக் கை வைத்தவர் அப்படியே நின்றார். வெகுநேரம் ஓடிய கம்ப்யூட்டரை அப்போதுதான் தூக்கியதுபோல், மேஜைப் பலகை கதகதவென்று இருந்தது.

"ரொம்ப நன்றி, பெரியப்பா," என்றார், கையை எடுக்காமலே.