சரக்குக் கலத்தில் ஒரு கொள்ளி

விண்வெளி நிலையத்தில் இறந்துபோன தம்பி பூதலிங்கத்தைச் சரக்குக் கலத்தில் வைத்து எரிக்கப்போவதாகச் சொல்ல வந்த அதிகாரியை ஆவுடையப்பன் உட்காரச் சொல்லவில்லை.

"கூட என்ன எரியும்?"

"நிலையத்துக் குப்பைங்கய்யா. கக்கூஸ் கழிவும் உண்டு. சாமான் கொண்டுபோன கலம் குப்பையோட கீழே வந்து காத்துல எரியறது, முதல் நிலையங்கள் காலத்து வழக்கம்."

"அப்போ குப்பை மட்டும் எரிஞ்சுது. இது எங்க வீட்டுப் பிணம். தனியாத்தான் எரியணும்."

"அடுத்த கலம் வர மாசக்கணக்காகும். அதுவரை அங்க உள்ளவங்க குப்பை நாத்தத்துல கிடக்கணுமே."

"அவன்கூட உக்காந்து சாப்பிட்டவங்கதானே? தீட்டுன்னு நெனச்சுக் காக்கட்டும்."

அதிகாரி கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அவங்க நேத்தே கலத்துலேர்ந்து குப்பையெல்லாம் இறக்கி நிலையத்துக்குள்ளேயே வச்சுக்கிட்டாங்க. திரும்ப ஏத்தச் சொன்னா கேக்கமாட்டேங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

ஆவுடையப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மேலே இருப்பவர்களின் முகம்கூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் பங்காளிகள் செய்ய வேண்டியதை அவர்கள் செய்துவிட்டார்கள்.

"அவங்களுக்குச் சாவு வீடுன்னா என்னன்னு தெரியுது. உமக்குச் சொல்லிக்குடுக்க எனக்கு நேரமில்ல. கலத்தைக் கீழே தள்ளுற பொத்தானை நான்தான் அழுத்துவேன்னு போய்ச் சொல்லும். தம்பிக்குக் கொள்ளி வைக்க அண்ணன் இருக்கேன்."